கமிட்டி லெட்டர்: அமெரிக்காவில் மருத்துவம், பல் மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வரன் பார்க்கும்போது பயோடேட்டா கையில் இருக்கும். படிப்பு, சம்பளம், உயரம் எல்லாம் அதில் இருக்கும். ஆனாலும் எந்த வீட்டிலும் அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. பையன் வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று தேடிப் பிடித்து, "பையன் எப்படி?" என்று விசாரிப்பார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அந்த விசாரிப்பு வேலையைச் செய்து கொடுப்பதுதான் பல்கலைக்கழகங்களில் இருக்கும் ப்ரீ-ஹெல்த் கமிட்டி, அதாவது மருத்துவப் படிப்புகளுக்குப் போகிற மாணவர்களுக்கான குழு. மதிப்பெண்ணும், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வின் ஸ்கோரும் பயோடேட்டா. கமிட்டி எழுதும் கடிதம், விசாரித்து வந்த சேதி.

இங்கே மருத்துவம் என்பது இளங்கலைக்குப் பிறகு படிக்கிற படிப்பு. நான்கு வருடம் ஏதோ ஒரு பட்டம் படித்துக்கொண்டே அதற்கான பாடங்களையும் முடிக்க வேண்டும். எம்.டி. கல்லூரிகளுக்கு (இங்கே டாக்டர் ஆவதற்கான முதல் மருத்துவப் பட்டமே எம்.டி.தான்) ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள், ஏறக்குறைய 23,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.7-க்கு மேல், எம்கேட் 511-க்கு மேல். அதாவது தகுதியுள்ளவர்களே ஆயிரக்கணக்கில் வெளியே நிற்கிறார்கள். அந்த இடத்தில்தான் கடிதம் பேசும்.

என் மகள் கமிட்டி உள்ள ஒரு கல்லூரியில் படித்து மருத்துவத்துக்கு விண்ணப்பித்தாள். அக்கா மகன் கமிட்டியே இல்லாத பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துப் பல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தான். இரண்டு வழியிலும் முட்டி மோதியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கமிட்டியை ஒரு கோர்ட்டு மாதிரி நினைத்துப் பயப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், தபால் அலுவலகம் மாதிரி நினைத்துக் கடைசி மாதம் எட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. அது ஒரு சாட்சி. உங்களைத் தெரிந்தால்தான் உங்களைப் பற்றிச் சொல்ல முடியும், தெரிய வைப்பது உங்கள் வேலை.

முதல் படி: உங்கள் கல்லூரியில் கமிட்டி உண்டா?

எல்லா இடத்திலும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பிரின்ஸ்டன் மாதிரி தனியார் பல்கலைக்கழகங்களில் ப்ரீ-ஹெல்த் அலுவலகமே கமிட்டி லெட்டர் தயாரிக்கிறது. ஹார்வர்டில் மாணவர்கள் தங்கும் ஹவுஸ் ஒவ்வொன்றிலும் அதற்கென்று ஆட்கள் உண்டு. பெர்க்லி, யு.சி.எல்.ஏ., மிச்சிகன் மாதிரி பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்கள் இருப்பார்கள், கமிட்டி லெட்டர் கிடையாது. ஆயிரக்கணக்கில் ப்ரீ-மெட் (மருத்துவத்துக்குத் தயாராகும்) பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேச ஆளுக்கு எங்கே போவது?

நடுவில் இன்னொரு வகையும் உண்டு. கமிட்டி தனியாக எதுவும் எழுதாமல், நீங்கள் வாங்கிக் கொடுத்த கடிதங்களைச் சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாக அனுப்பும். இதற்கு லெட்டர் பாக்கெட் என்று பெயர். கமிட்டி லெட்டருக்கும் லெட்டர் பாக்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பத்தில் தப்பான கட்டத்தை டிக் செய்கிறவர்கள் நிறைய. அது எப்படித் தலைவலி ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

கமிட்டி உள்ள கல்லூரியில் படித்துவிட்டு "எனக்கு வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒதுங்கினால் பல மருத்துவக் கல்லூரிகள் காரணம் கேட்கும். செகண்டரி விண்ணப்பத்தில் (முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனியாக அனுப்புவது) அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கும். கமிட்டி இல்லாத கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தனித்தனிக் கடிதங்களை யாரும் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் படி: முதல் வருடமே ஒரு முறை முகம் காட்டுங்கள்

நீளமாகப் பேச வேண்டியதில்லை. முதல் வருடத்திலேயே ஆலோசகரிடம் ஒரு அரை மணி நேரம் வாங்கி, மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். கமிட்டி ஃபைல் எந்த மாதம் திறக்கும்? குறைந்தபட்ச ஜி.பி.ஏ. என்று ஏதாவது உண்டா? எந்தப் பாடங்களை இந்தக் கல்லூரியிலேயே எடுக்க வேண்டும், எதை வெளியே கோடை விடுமுறையில் எடுத்தால் முகம் சுளிப்பார்கள்?

மூன்றாவது கேள்வி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முக்கியம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கஷ்டம் என்று கேள்விப்பட்டு, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கோடையில் முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு பாடம் என்றால் பரவாயில்லை. வரிசையாக எல்லாவற்றையும் அப்படியே எடுத்தால், "தன் சொந்தக் கல்லூரியின் பாடத்தைத் தவிர்த்தவர்" என்ற எண்ணம் கமிட்டிக்கு வரும், கடிதத்தில் நேரடியாக எழுதாவிட்டாலும் அதன் வாடை இருக்கும். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்கேஸ் கணக்கில் பழைய மதிப்பெண் போகாது, இரண்டும் சேர்த்தே சராசரி. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் மட்டும் பிரித்தும் ஒரு ஜி.பி.ஏ. போடுவார்கள். அதையும் நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கமிட்டி முதலில் பார்க்கும் எண் அதுதான்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆலோசகருக்குப் போன் போடாதீர்கள். 1974-இல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் கால் வைத்ததும் அந்த ஃபைல் மேல் உள்ள உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. ஃபீஸ் கட்டுவது நாமாக இருக்கலாம், அலுவலகம் நம்மிடம் வாய் திறக்காது. அதோடு, பெற்றோர் பேசினால் பிள்ளைக்குச் சொந்த விருப்பம் இல்லையோ என்ற சந்தேகமும் எழும். நான் ஒரு முறை மின்னஞ்சல் அனுப்பப் போனேன். மகள் என் லேப்டாப்பை மூடி, "அம்மா, இதை அனுப்பினா நான் இன்டர்வியூல உங்களைப் பத்தித்தான் பதில் சொல்லிட்டிருப்பேன்" என்றாள். அனுப்பவில்லை.

மூன்றாம் படி: கடிதம் தருகிறவர்களைச் சேர்ப்பது

கமிட்டி லெட்டர் வெறும் காற்றில் எழுதப்படுவதில்லை. பேராசிரியர்கள் தரும் தனிக் கடிதங்களைப் படித்து, அவற்றிலிருந்து வரிகளை எடுத்துத்தான் எழுதுவார்கள். வழக்கமாக இரண்டு அறிவியல் பேராசிரியர்கள், அறிவியல் அல்லாத ஒருவர், ஆராய்ச்சி வழிகாட்டியோ மருத்துவமனையில் உங்கள் வேலையைப் பார்த்தவரோ ஒருவர் என்று கேட்பார்கள்.

எந்தப் பேராசிரியர் பெரிய ஆள் என்று பார்க்காதீர்கள், யாருக்கு உங்களைத் தெரியும் என்று பாருங்கள். 300 பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கினால், "இந்த மாணவர் என் வகுப்பில் ஏ வாங்கினார்" என்றுதான் கடிதம் வரும். அது ட்ரான்ஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. அக்கா மகனுக்கு இதுதான் நடக்க இருந்தது. பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் வாரம் ஒருமுறை ஆபீஸ் அவர்ஸ் (பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம்) போய் உட்காரச் சொன்னேன். "என்ன கேக்கிறது சித்தி, எனக்கு எல்லாம் புரியுதே?" என்றான். புரிந்ததைக் கேட்க வேண்டாம், போன பரீட்சையில் எதில் தப்பு விட்டாயோ அதை எடுத்துக்கொண்டு போ என்றேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பேராசிரியரே லேபில் வேலை செய்கிறாயா என்று கேட்டார். பெரிய வகுப்பில் உங்களை நேரில் பார்த்தவர் பாடம் நடத்த உதவும் டி.ஏ.தான் என்றால், அவர் எழுதிப் பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதும் வழக்கம்தான். கேட்டுப் பாருங்கள்.

கேட்கும் விதமும் இருக்கிறது. "லெட்டர் தர முடியுமா" என்றால் மறுக்கத் தயங்கி ஒப்புக்கொள்வார்கள். "என்னைப் பற்றி வலுவாக எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டால், தயக்கம் இருந்தால் முகத்திலேயே தெரியும். சரி என்றதும் ஒரு கோப்பு கொடுங்கள்: ரெஸ்யூமே, ட்ரான்ஸ்கிரிப்ட், நீங்கள் எழுதிய கட்டுரையின் வரைவு, அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று விஷயங்களை நினைவூட்டும் ஒரு பக்கம், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற விவரம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. கடிதம் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டுக் குறிப்பு வைத்திருக்கிறது. அதையும் இணைத்துக் கொடுத்தால், முதல்முறை எழுதுகிற இளம் பேராசிரியர்கள் நன்றி சொல்வார்கள்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுவிடுங்கள். மாணவர் படிக்கப்போகிற கடிதத்தை எந்தக் கல்லூரியும் முழுசாக நம்பாது.

சொந்தக்காரர்களிடம் கடிதம் வாங்கவே வாங்காதீர்கள். மாமா பல் டாக்டராக இருந்தால் அவர் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கடிதம் வேறொரு டாக்டரிடமிருந்து வரட்டும்.

ஊரில் செய்த வேலையைப் பற்றி

நம் ஆட்கள் மட்டுமே விழுகிற குழி ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, திருச்சியிலோ நாகர்கோவிலிலோ தெரிந்த டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார்கள். பார்த்தேன், நோயாளிகளிடம் பேசினேன், மொழி தெரிந்ததால் வீட்டுக் கதையெல்லாம் சொன்னார்கள் என்று எழுதினால் அருமை. ஆனால் சிலர் "ஊசி போட விட்டார்கள், தையல் போட்டேன்" என்று பெருமையாக எழுதுகிறார்கள். இங்கே அதைப் படிக்கிறவர் புருவத்தைத்தான் உயர்த்துவார். பயிற்சியும் உரிமமும் இல்லாமல், அமெரிக்காவில் செய்ய முடியாத ஒன்றை ஏழை நோயாளி மேல் செய்து பார்த்தவர் என்றுதான் அது படும். வெளிநாட்டில் மாணவர்கள் நோயாளிகளைத் தொடுவது பற்றி ஏ.ஏ.எம்.சி. தனியாக நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. கமிட்டி ஆட்கள் அதைப் படித்தவர்கள். அப்படி ஏதும் நடந்திருந்தால் அதைச் சாதனையாக எழுதாமல், ஆலோசகரிடம் நேரில் சொல்லி, எப்படிக் கையாள்வது என்று கேளுங்கள்.

நான்காம் படி: கமிட்டி ஃபைல்

மூன்றாம் ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் ஒரு கூட்டம் வைப்பார்கள். வராதவர்களுக்கு ஃபைல் திறக்காத கல்லூரிகளும் உண்டு. அதன்பின் குளிர்காலம் முழுக்க ஒரு நீண்ட வினாத்தாளை நிரப்ப வேண்டும். ஏன் மருத்துவம், எங்கே தோற்றீர்கள், குடும்பம், வேலை, உங்களுக்கு முற்றிலும் மாறான ஒருவரோடு பழகிய அனுபவம் என்று பத்துப் பன்னிரண்டு பக்கம் போகும். பலர் இதை வேண்டா வெறுப்பாக நிரப்புகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ளது இதுதான். பிற்பாடு ஆம்கேஸ் கட்டுரை 5,300 எழுத்துக்குள் முடிய வேண்டும், இடைவெளியும் சேர்த்து. செயல்பாடுகள் 15 வரை போடலாம், அதில் மூன்றை முக்கியமானவை என்று குறித்து விரிவாக எழுதலாம். பல் மருத்துவத்துக்கான ஆட்சாஸ் கட்டுரை 4,500 எழுத்து. இவ்வளவு குறுகிய இடத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்பது அந்தப் பத்துப் பக்கத்தை எழுதியவருக்குத்தான் தெரியும்.

வினாத்தாளில் பாட்டியின் சர்க்கரை நோய் வராத தமிழ்ப் பிள்ளை குறைவு. தப்பில்லை, நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத பாட்டி எங்கே? ஆனால் பாட்டிக்கு நோய் வந்தது என்பது பாட்டியின் கதை. இன்சுலின் பேனாவில் எத்தனை யூனிட் திருப்புவது என்று வீடியோ காலில் பாட்டிக்கு வாரா வாரம் சொல்லிக்கொடுத்தேன், அவர் ஏன் பயந்தார், அந்தப் பயம் எதனால் தீர்ந்தது என்று எழுதினால் அது பிள்ளையின் கதை. கமிட்டிக்கு வேண்டியது இரண்டாவது.

விசா விவரத்தையும் இதே ஃபைலில் தெளிவாக எழுதிவிடுங்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4இல் வளர்ந்த பிள்ளைகளுக்கு 21 வயதானதும் அந்த விசா போய், பலர் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறியிருப்பார்கள். கிரீன் கார்டு இல்லாவிட்டால் பல மருத்துவக் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் எடுக்கின்றன. சில கல்லூரிகள் அவர்களை எடுப்பதே இல்லை, இன்னும் சில, பல வருடத்துக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிக்காட்டச் சொல்கின்றன. பள்ளி முழுக்க இங்கேயே படித்த பிள்ளை என்பதால் ஆலோசகருக்கு இது தோன்றவே தோன்றாது. நீங்கள் சொன்னால்தான் கல்லூரிப் பட்டியல் போடும்போது அதற்கேற்ப உதவ முடியும்.

ஐந்தாம் படி: நேர்காணல்

பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் நடக்கும். இரண்டு மூன்று பேர் எதிரே இருப்பார்கள்: ஒரு அறிவியல் பேராசிரியர், ஆலோசகர், சில இடங்களில் உள்ளூர் டாக்டர் ஒருவர். நாற்பது நிமிடம். மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்கு இது ஒத்திகை என்று அவர்களே சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒத்திகைதான், ஆனால் குறிப்பு எடுக்கிறார்கள், அந்தக் குறிப்பு கடிதத்தில் வரும்.

மகள் வந்து சொன்னதை அப்படியே தருகிறேன். முதல் கேள்வி எளிது, ஏன் மருத்துவம். அவள் பதில் சொன்னதும் வேதியியல் பேராசிரியர் கேட்டார்: "நீ சொன்னதெல்லாம் நர்ஸும் செய்கிறார். ஏன் நர்ஸ் ஆகக் கூடாது?" இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லாக் கமிட்டியிலும் வரும். நம் பிள்ளைகள் இதற்குத் தடுமாறுவார்கள், ஏனென்றால் வீட்டில் அந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. நர்ஸ் வேலையைத் தாழ்த்தி ஒரு சொல் வந்தாலும் போச்சு. மகள் மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தபோது ஒரு நர்ஸோடு சுற்றியதைச் சொல்லி, அவர் செய்த வேலை என்ன, நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது, தன் மனசு எந்தப் பக்கம் போனது என்று சொன்னாள்.

அடுத்தது இரண்டாம் ஆண்டில் வாங்கிய பி மைனஸ். "என்ன நடந்தது?" வீட்டில் அப்பாவுக்கு வேலை போயிருந்தது, அவள் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்தாள். அதைச் சொல்லலாமா கூடாதா என்று முந்தின ராத்திரி எங்களுக்குள் ஒரே விவாதம். "வீட்டு விஷயத்தை வெளியில் சொல்வதா" என்று அவள் அப்பாவுக்கு மனசில்லை. கடைசியில் அவரே, "சொல்லிடும்மா, பொய்யா சொல்றே?" என்றார். சொன்னாள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்களே உங்கள் விண்ணப்பத்தில் எழுதினால் சாக்குச் சொல்வது போல் தெரியும் விஷயம் இது. அதையே கமிட்டி கடிதத்தில் இரண்டு வரியாக எழுதினால் விளக்கம் ஆகிவிடும். கமிட்டியால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பேன். பேராசிரியர் யாருக்கும் அவர் வகுப்பைத் தாண்டி உங்களைத் தெரியாது. முழு நான்கு வருடத்தையும் சேர்த்துவைத்துப் பார்க்கிற ஒரே கடிதம் கமிட்டியுடையது.

பயிற்சிக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் நம் பலம், இந்த அறைக்குள் அது நம் பலவீனம். வினாத்தாளில் எழுதிய ஒவ்வொரு செயலுக்கும் ஒரு ஆள், ஒரு நாள், ஒரு சம்பவம் நினைவில் இருந்தால் போதும்.

கமிட்டி "இப்போது வேண்டாம்" என்றால்

இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. கடிதங்களில் தரம் உண்டு. மிகவும் வலுவாகப் பரிந்துரைக்கிறோம், பரிந்துரைக்கிறோம், சில தயக்கங்களோடு பரிந்துரைக்கிறோம் என்று சில கமிட்டிகள் படிவைத்தே எழுதும். சில இடங்களில் ஜி.பி.ஏ. குறைவானவர்களுக்குக் கடிதமே தர மாட்டார்கள். எங்கள் மகளை ஒரு வருடம் பொறுத்து விண்ணப்பிக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கோபம் முழுக்க அர்த்தமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். "எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது" என்று கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. பலவீனமானவர்களை முன்கூட்டியே தடுத்துவிட்டால் அந்தச் சதவீதம் தானாக ஏறும். ஆகவே அந்த எண்ணைக் காட்டினால், எத்தனை பேர் முதல் ஆண்டில் ப்ரீ-மெட்டாகச் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குக் கடிதம் மறுக்கப்பட்டது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஆனால் எங்கள் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. எம்கேட் எழுத நேரம் போதவில்லை, நோயாளிகளோடு இருந்த நேரம் குறைவு. இங்கே மருத்துவம் சேர்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடமாவது இடைவெளி விட்டவர்கள்தான். நம் ஊர்க் கணக்கில் அது "ஒரு வருஷம் வீண்". இங்கே யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அவள் அந்த வருடம் ஒரு கிளினிக்கில் டாக்டர் பக்கத்தில் நின்று குறிப்பெழுதும் ஸ்கிரைப் வேலை பார்த்தாள்.

மறுத்தால் செய்ய வேண்டியது: காரணத்தை நேரில் கேளுங்கள், எது மாறினால் அடுத்த வருடம் எழுதுவீர்கள் என்று கேட்டு அதை மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கண்டிப்பாக இந்த வருடமே விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்றால், கமிட்டி லெட்டர் இல்லாமல் தனிக் கடிதங்களை மட்டும் அனுப்பித் தர முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் செய்வார்கள். செகண்டரியில் காரணம் கேட்டால் உண்மையை இரண்டு வரியில் சொல்லுங்கள். கமிட்டியைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஆறாம் படி: மே முதல் ஆகஸ்ட் வரை

பந்திக்கு முந்து என்பார்களே, அது இங்கே சேர்க்கைக்கும் பொருந்தும். விண்ணப்பங்கள் வர வர நேர்காணலுக்கு அழைத்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். எம்.டி.க்கு ஆம்கேஸ், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கு ஆகோமாஸ், பல் மருத்துவத்துக்கு ஆட்சாஸ், டெக்சஸ் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளுக்குத் தனியாக டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். எல்லாமே மே மாதத்தில் திறக்கும். ஆம்கேஸில் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிக்கலாம், ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போகும். இடையில் உங்கள் மதிப்பெண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். கூட்ட நேரத்தில் அதற்கே ஆறு வாரம் வரை பிடிக்கலாம்.

நிறையப் பேர் செய்யும் தவறு, கமிட்டி லெட்டர் வரட்டும் என்று காத்திருப்பது. வேண்டாம். கடிதம் இல்லாமலே விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம், சரிபார்ப்பு நடக்கும். கமிட்டிகள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள்தான் அனுப்பும், கல்லூரிகளுக்கும் அது தெரியும். ஆனால் உங்கள் கமிட்டி எந்த வரிசையில் எழுதுகிறது என்று கேட்டுவையுங்கள். பல இடங்களில் ஃபைல் முழுமையான வரிசையில் எழுதுவார்கள். ஒரு பேராசிரியர் கடிதம் ஏப்ரலில் வராமல் ஜூனில் வந்தால் நீங்கள் வரிசையின் கடைசியில்.

இனி அந்தக் கட்டம் விஷயம். ஆம்கேஸில் கடிதத்துக்கு மூன்று வகை இருக்கும்: கமிட்டி லெட்டர், லெட்டர் பாக்கெட், தனிக் கடிதம். மொத்தம் பத்துப் பதிவு வரை போடலாம். கமிட்டி லெட்டரோடு இணைந்து வரும் பேராசிரியர் கடிதங்கள் எத்தனை ஆனாலும் அது ஒரே பதிவு. மகள் கமிட்டி லெட்டர் என்று ஒன்றைப் போட்டுவிட்டு, முன்னெச்சரிக்கை என்று நினைத்து நான்கு பேராசிரியர்களையும் தனித்தனியாகவும் பதிந்துவிட்டாள். கமிட்டி தன் கட்டை ஜூலையில் அனுப்பிவிட்டது. அந்த நான்கு கடிதங்களும் உள்ளேயே இருந்தன. ஆனால் கணினியில் நான்கு பதிவுகள் "வரவில்லை" என்று நின்றன. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஒரு கல்லூரிக்குப் போன் செய்து கேட்டபோதுதான், அவள் ஃபைலை முழுமையடையாதது என்று ஒதுக்கிவைத்திருந்தது தெரிந்தது. அந்த நான்கையும் "இனி வராது" என்று குறிக்க இரண்டு நிமிடம் ஆனது. போன ஐந்து வாரம் போனதுதான்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு லெட்டர் ஐ.டி. உருவாகும். அந்தப் படிவத்தைக் கமிட்டி அலுவலகத்துக்கு அனுப்புவது உங்கள் பொறுப்பு, அனுப்பாவிட்டால் எழுதிவைத்த கடிதம் அலுவலகத்திலேயே தூங்கும். கட்டணச் சலுகைக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பம் சமர்ப்பிக்கும் முன்பே வாங்கிவிடுங்கள், கட்டிய பணம் திரும்ப வராது.

செகண்டரிகள் ஜூலையில் கொட்டும். வந்த இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது வழக்கம்.

பல் மருத்துவத்துக்கு மாறுவது என்ன

பெரும்பாலான கமிட்டிகள் இரண்டுக்கும் எழுதும், ஆனால் மருத்துவத்துக்குப் பழகிய கை. அதனால் நீங்கள் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொடுக்க வேண்டும். எம்கேட்டுக்குப் பதில் டாட் என்ற நுழைவுத் தேர்வு. 2025 மார்ச்சிலிருந்து அதன் மதிப்பெண் முறை மாறி 200 முதல் 600 வரை ஆகிவிட்டது. அதற்கு முன் 1 முதல் 30. பழைய ஸ்கோரை வைத்து அண்ணன் அக்கா சொல்லும் கணக்கு இப்போது உதவாது. அதில் பெர்செப்ச்சுவல் எபிலிட்டி என்று ஒரு பகுதி, விரிந்த அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி ஆகும் என்பது மாதிரிக் கேள்விகள். எம்கேட்டில் அப்படி எதுவும் இல்லை.

ஆட்சாஸில் கடிதத்துக்கு நான்கு இடம்தான். பல கல்லூரிகள் இரண்டு அறிவியல் பேராசிரியரையும் ஒரு பல் டாக்டரையும் எதிர்பார்க்கின்றன. பல் டாக்டரிடம் பார்த்துக் கற்றது குறைந்தது 100 மணி நேரமாவது இருந்தால் நல்லது, அதுவும் ஒரே கிளினிக்கில் இல்லாமல் பொது, குழந்தைகள், வேர்ச்சிகிச்சை என்று பிரித்து. கை வேலை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அக்கா மகன் எட்டு வருடம் மிருதங்கம் வாசித்தவன், அதைப் பெரிதாக எண்ணவே இல்லை. "இதெல்லாம் போடலாமா சித்தி?" என்று கேட்டான். இரண்டு கையும் தனித்தனியாக, நுணுக்கமாக வேலை செய்யும் பழக்கத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? நேர்காணலில் அதைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார்களாம்.

"டாக்டர் கிடைக்காததால் பல் டாக்டரா?" என்ற சந்தேகம் கமிட்டிக்கு எப்போதும் உண்டு. எம்கேட் எழுதிவிட்டுக் கடைசி வருடம் மாறியவராக இருந்தால், எப்போது மனசு மாறியது, எந்த நாற்காலியின் பக்கத்தில் நின்று மாறியது என்று சொல்லத் தயாராக இருங்கள்.

கமிட்டி இல்லாதவர்களுக்கு

அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும், அவ்வளவுதான். இன்டர்ஃபோலியோ மாதிரிக் கடிதங்களைச் சேமித்துவைக்கும் சேவை உண்டு. பேராசிரியர் ஒருமுறை ஏற்றிவிட்டால், இடைவெளி வருடம் எடுத்தாலும் கடிதம் பத்திரமாக இருக்கும். கல்லூரிக்குக் கல்லூரி யாரிடம் எத்தனை கடிதம் கேட்கிறார்கள் என்பது மாறும், ஒரு எக்செல் தாளில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் ஆலோசகரே இல்லையென்றால், ஆலோசகர்களின் தேசிய அமைப்பான என்.ஏ.ஏ.எச்.பி.யின் உறுப்பினர்கள் சிலர் அப்படிப்பட்டவர்களுக்குத் தன்னார்வமாக உதவுகிறார்கள், எழுதிக் கேட்கலாம். வினாத்தாளும் உங்களுக்குக் கிடைக்காது. அக்கா மகனுக்கு என் மகளின் பழைய வினாத்தாளைக் கொடுத்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு கமிட்டி வைத்தோம்: நான், மகள், பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற அமெரிக்க ஆசிரியை ஒருவர். அந்த அம்மாதான் கேட்டார், "நீ இதுவரை சொன்ன எதிலும் நோயாளி பேசவே இல்லையே?" என்று. கட்டுரையை முதலிலிருந்து மாற்றி எழுதினான்.

அனுப்பிய பிறகு

எம்.டி. கல்லூரிகளில் இடம் கிடைத்த சேதி அக்டோபர் நடுவிலிருந்து வரத் தொடங்கும், பல் மருத்துவத்துக்கு டிசம்பரில். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், புதிதாக ஏதாவது நடந்திருக்கும்போது ஆலோசகரிடம் சொல்லுங்கள். சில கமிட்டிகள் கூடுதல் கடிதம் ஒன்றை அனுப்பும். ஒன்றுக்கு மேல் இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட வேண்டும், அப்போதுதான் பட்டியல் வேகமாக நகரும். மே, ஜூனில் கிடைத்தவர்களும் உண்டு.

கிடைக்கவில்லை என்றால் மறுபடி விண்ணப்பிக்க அதே பழைய கடிதத்தை அனுப்பச் சொல்லாதீர்கள். பட்டம் முடித்தவர்களுக்கும் பல கமிட்டிகள் சில வருடங்கள் வரை எழுதும், ஆனால் புதிய தேதியும் புதிய விஷயமும் வேண்டும். அதற்கு ஜனவரிக்குள் போய், ஃபைலைத் திறக்கச் சொல்லி, இந்த ஒரு வருடத்தில் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கூடவே, கடிதம் தந்த பேராசிரியர்களுக்கு முடிவு என்ன ஆனது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இடம் கிடைக்காதவர்கள் வெட்கப்பட்டு அதைச் செய்வதில்லை, அடுத்த முறை கேட்கப் போகும்போதுதான் சங்கடப்படுகிறார்கள்.